கடைசிக் கொக்கி

சேர், உங்களுடைய யூனிபோமில் இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது. தைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் தோளே அப்படித்தான். அந்தப் பக்கத்தால் பாரம் தூக்கிப் பழகியிருக்கிறீர்கள். உள்ளே சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தால் சமனாகிவிடும். இந்த அலுவல் முடிந்ததும் சட்டையைக் கொண்டுவந்து தாருங்கள், செய்து தருகிறேன்.

"அன்ரி, ஒங்களுக்குத் தெரிஞ்சத ஒங்கட கையாலேயே எழுதுங்க" என்று தாளைத் தந்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டீர்கள். சார்ஜன் ஜௌபர் மரியாதையான ஆள் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை. தமிழில் எழுத விட்டதற்கும் நன்றி. ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் மெற்றில்டா. ஆலங்குடாவில் கலியாணக் கவுன் தைக்கிறவள். எங்கள் கடற்கரையில் ஹோட்டல் நடத்தும் பிரெஞ்சுக்காரி மடம் சொலான்ஜின் அறையிலிருந்து காணாமற்போன படத்தை எடுத்தது நான்தான். நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கும் றொமேஷ் அல்ல. அவன் அந்த ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குக் கடலில் பட்டம் பிடித்துப் பலகையில் ஓடப் பழக்குகிறவன். மடத்தின் அறைத் திறப்பு அவனிடம் இருந்தது என்பதற்காக அவனைக் கள்ளன் என்பது அநியாயம். திரைச்சீலை மாட்ட வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் கதவைத் திறந்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். நான் செய்ததற்கு இன்னொருவர் மறியலில் இருப்பதை என் மனச்சாட்சி ஏற்கவில்லை. அதனால்தான் நானாகவே பஸ் ஏறி வந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மடத்தின் தாயார் எழுபது வருடத்துக்கு முன் பாரிஸில் பேர்போன ஒரு தையல் வீட்டில் ஊசி பிடித்தவராம். அவருடைய கலியாணத்துக்கு அந்த வீட்டு முதலாளியே ஒரு மணப்பெண் கவுனைப் பென்சிலால் வரைந்து, மெல்லிய நீர்ச்சாயம் பூசி, கீழே கையெழுத்துப் போட்டுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அவருடைய பெயரை மடம் சொன்னார், என் நாக்கில் நிற்கவில்லை. மூலையில் ஒரு துண்டுச் சாட்டின் குண்டூசியால் குத்தியிருந்தது. துணி மஞ்சளாகிவிட்டது, ஊசி துருப்பிடித்திருந்தது.

மெத்தை உறை தைக்க அளவெடுக்கப் போன அன்றுதான் அதைச் சுவரில் பார்த்தேன். படத்திலிருந்த பெண்ணுக்கு முகமில்லை. ஒரு புருவம் மட்டும், ஒரே கோட்டில். தோள் உருண்டு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இடுப்பு. இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல் நுனிகள் தொட்டுக்கொள்ளும் போல ஓர் இடுப்பு. அதிலிருந்து பாவாடை பொங்கி இறங்கியது. இடப் பக்கத்தில், கைக்குக் கீழே, கொக்கிகள் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வரையப்பட்டிருந்தன. நான் அழுதுவிட்டேன், சேர். என் கலியாணத்தன்றும் நான் அழவில்லை.

மடம் நல்ல மனுஷி. நான் நின்ற நிலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். றொமேஷ் எனக்குத் தமிழில் சொன்னான்: "இது கனவாம், பெரியம்மா, அளவில்லையாம். இப்பிடி இடுப்போட உலகத்தில ஒருத்தரும் இல்லையாம். தைக்கேக்க ஆளுக்கு ஏத்த மாதிரிப் பெருப்பிச்சுத்தான் தைக்கிறதாம்."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. நல்ல தையல்காரர் யாரும் வெளியாளுக்கு அளவைச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்வதில்லை. அதோடு, கீழே கையெழுத்து இருந்தது. பொய்க்குக் கீழே யாராவது கையெழுத்துப் போடுவார்களா? நானும் இதன் கீழே போடத்தான் போகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கோயில் மாதா சொரூபத்துக்கு வருடா வருடம் திருநாளுக்கு அங்கியும் சால்வையும் தைத்தவள் நான். மாதாவுக்கும் அப்படித்தான்: சின்னத் தலை, நீண்ட உடம்பு, ஒடுங்கிய இடுப்பு. சொரூபத்துக்குத் தைப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. போன வருடம் தைத்த அளவு இந்த வருடமும் சரியாக இருக்கும். அது வேர்க்காது, குனியாது, சாப்பிடாது. மனிதருக்குத் தைப்பது அப்படியல்ல. அளவு கொடுத்துவிட்டுப் போய் இடியப்பமும் சொதியும் வெட்டிவிட்டு, கவுன் இறுகுகிறது என்று என்னிடம் வந்து நிற்பார்கள். போன திருநாளுக்கு யாரோ புண்ணியவான் வெளிநாட்டிலிருந்து மாதாவுக்கு ரெடிமேட் அங்கி அனுப்பிவிட்டார். தோளில் நிற்கவில்லை, குண்டூசி குத்தித்தான் நிறுத்தினார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை.

அந்த நேரத்தில்தான் டிலுக்ஷிக்குக் கலியாணம் பேசி முடித்தோம்.

டிலுக்ஷி என் தங்கச்சியின் மகள். தங்கச்சி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். பிள்ளை சின்ன வயதிலிருந்து என்னோடுதான். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் ஏந்தியவளும் நான்தான். ஆகவே ஞானத்தாய் என்ற முறையில் கலியாணக் கவுன் என் பொறுப்பு. மாப்பிள்ளை இதே றொமேஷ். அவர்களாகவே விரும்பியது, நான் குறுக்கே நிற்கவில்லை. தவக்காலத்தில் எங்களுக்குக் கலியாணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வரும் சனிக்கிழமை என்று எங்கள் பங்குச் சுவாமி நாள் குறித்தார்.

மடம் இந்த முறை தவக்காலம் தொடங்க முதலே ஊருக்குப் போய்விட்டார். திரைச்சீலைகளைத் தைத்து மாட்டிவிடும்படி எனக்குச் சொல்லியிருந்தார். மாட்டினேன். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தேன். வெறும் சட்டம் சுவரில் தொங்கினால் பார்க்கிறவருக்கு அந்தரமாக இருக்கும் என்று, கையிலிருந்த கலண்டரிலிருந்து தலவிலக் கோயில் புனித அன்னம்மாளின் படத்தை அளவாக வெட்டி உள்ளே வைத்தேன். வைகாசிச் சோளகக் காற்றோடு திரும்பி வந்த மடம் அதைப் பார்த்த உடனே பொலிசுக்கு ஓடியிருக்கிறார். கள்ளர் யாரும் அன்னம்மாளை வைத்துவிட்டுப் போவார்களா என்று நீங்களாவது யோசித்திருக்கலாம்.

படத்திலிருந்து அளவெடுக்கும் முறை எனக்குத் தெரியும். சொரூபத்துக்கும் அப்படித்தான் எடுப்பேன். தலையை நூலால் அளந்து, அந்த நூலை உடம்பு நெடுகப் போட்டு, எத்தனை பங்கு என்று பார்ப்பது. பிறகு டிலுக்ஷியின் தலையை அளந்து கணக்குப் போட்டேன். இடுப்பு பதினெட்டு அங்குலம் வந்தது. டிலுக்ஷிக்கு இருபத்தாறு. மெல்லிய பிள்ளை என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர். மறுபடி அளந்தேன். பதினெட்டுத்தான். அதன்படி சாட்டினை வெட்டினேன். வெட்டிய துணியைப் பிறகு பெருப்பிக்க முடியாது. உடம்பு அப்படியில்லை.

நான் ஒருநாளும் அவளைச் சாப்பிடாதே என்று சொன்னதில்லை. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். நேர்த்தி வை என்றுதான் சொன்னேன். கிழவியை விட்டுவிட்டு வர லீவு கிடைக்காது, கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று தங்கச்சி போனில் அழுதிருந்தாள். டிலுக்ஷியும் இரவெல்லாம் அழுதாள். "தவக்காலம் முழுக்க ஒறுத்தல் செய்து மாதாவிட்டக் கேள், அம்மா வருவா" என்றேன். அவளுடைய முகம் தெளிந்துவிட்டது. முதலில் ஒரு நேரச் சோறு. பிறகு கஞ்சித்தண்ணீர். மனம் தளரக் கூடாதே என்று சாப்பாட்டு அலுமாரியைப் பூட்டித் திறப்பை மாதா உத்தரியக் கயிற்றோடு என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அது அவளுக்கு உதவி.

வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் அவளுடைய இடுப்பில் ஒரு வெள்ளை நூல் கட்டுவேன். அடுத்த வெள்ளி அதை அவிழ்த்து, அதைவிடக் கட்டையான நூல். நூல் இறுகுகிற மாதிரி இருந்தால் அவளே கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிடுவாள். இறால் பெட்டி கட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் பட்டி இருக்கிறதே, அதை வெட்டி உள்ளே வைத்து ஒரு இறுக்கமான உள்சட்டையும் தைத்துக் கொடுத்தேன். படுக்கும்போதும் போட்டுக்கொண்டாள். அந்தச் சட்டையின் தையல் மிக நேர்த்தியாக வந்தது, யாரும் பார்க்காவிட்டாலும்.

இந்த வருடம் எங்கள் தவக்காலமும் உங்களுடைய நோன்பும் ஒன்றாகத்தான் தொடங்கின. பக்கத்து வளவு றஹ்மத் உம்மா பின்னேரங்களில் வேலிக்கு மேலால் நோன்புக் கஞ்சி நீட்டுவார். நான் வாங்கிக் கோழிகளுக்கு ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பேன். ஒருநாள் டிலுக்ஷி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பெரியம்மா, மணம் மட்டும் பிடிக்கட்டே?"

மணத்துக்கு ஒறுத்தல் முறியாது என்று விட்டேன். பாத்திரத்துக்கு மேலே முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் கல்நெஞ்சக்காரி அல்ல, சேர்.

றஹ்மத் உம்மாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. வேலிக்கு அப்பால் நின்று, "என்ன மெற்றில்டா இது, நோம்புண்டா அந்தி பட்டாத் தொறக்கணும். ஒங்கட நோம்புக்குத் தொறக்கிற நேரமே இல்லியா? புள்ளட மொகத்தப் பாத்தியா?" என்று கேட்டார். ஒவ்வொரு சமயத்துக்கும் ஒவ்வொரு முறை என்று மரியாதையாகச் சொன்னேன். பெருநாளுக்கு வட்டலப்பம் அனுப்பினார். அதையும் கோழிகள்தான் தின்றன. அந்த மாதம் என் கோழிகள் நன்றாகக் கொழுத்தன.

மற்றவர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். சுவாமி பிரசங்கத்தில், இந்தக் காலத்துப் பிள்ளைகளில் தாய்க்காக இப்படி ஒறுத்தல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லாமல் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிலுக்ஷி தலைகுனிந்து நின்றாள். கழுத்தின் பின்பக்கம் அந்தப் படத்திலிருந்த கழுத்தாகவே மாறியிருந்தது. தங்கச்சி வீடியோவில் எடுக்கும்போது முகத்தை மட்டும் காட்டுவேன். "பிள்ளைக்கு முகம் வாடிப்போச்சே, அக்கா" என்றாள். கலியாணக் களை என்றேன்.

றொமேஷ் மட்டும் கரைச்சல் தந்தான். ஒருநாள் மீன் வைத்த மாலு பாண் பையோடு வந்து நின்றான். மணப்பெண்ணைக் கலியாணம் வரைக்கும் பார்க்கக் கூடாது என்று வாசலிலேயே மறித்தேன். அவன் சத்தம் போடவில்லை, கெஞ்சினான்.

"எனக்கு அவ எந்த அளவெண்டாலும் சரி, பெரியம்மா. சாக்கைச் சுத்திக்கொண்டு வந்தாலும் கட்டுவன். சாப்பிடச் சொல்லுங்கோ."

சாக்கு என்றான். கவுன் தொங்குகிற அறைக்கு முன்னால் நின்றுகொண்டு சாக்கு என்றான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அதை மனதில் வைத்திருக்கவில்லை. இல்லாவிட்டால் இன்றைக்கு அவனை விடுவிக்க வந்திருப்பேனா?

குருத்து ஞாயிறன்று ஊர்வலத்தில் டிலுக்ஷி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டாள். "இது விரதமில்ல அம்மா, பட்டினி. இருதயம் களைச்சுப்போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பாடு குடுக்க வேணும், இங்கயே மறிச்சு வைக்கப் போறன்" என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் போட்டிருந்த வெள்ளை மேலங்கி தோளில் இரண்டு அங்குலம் பெரிது. தன் அளவே தெரியாத ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுப்பது? பெரிய வாரம், கலியாண வீடு என்று சொல்லிக் கையெழுத்து வைத்துக் கூட்டிவந்துவிட்டேன்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்து கதிரையில் இருந்தவள், "பெரியம்மா, இண்டைக்குச் சாப்பிடலாம்தானே?" என்று கேட்டாள்.

கேட்ட விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கவலையாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பு குறைய இன்னும் ஒரு விரலளவு மிச்சம் இருந்தது. சனிக்கிழமை கலியாணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு கோப்பைச் சோற்றுக்காக விடுவதா? "அம்மா இன்னும் வரேல்லையே, பிள்ளை. நேர்த்தி முடியேல்லையே" என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். அவள் எப்போதும் சொல் கேட்கிற பிள்ளை.

புதன்கிழமை பகல் கவுனைப் போட்டுப் பார்த்தோம். அவளைச் சின்ன வாங்குப் பலகையின் மேல் ஏற்றி, படத்தை எதிரே அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். தோள் இறங்கி நின்றது. பாவாடை பொங்கி நின்றது. ஜன்னலால் வந்த கடல் வெளிச்சம் சாட்டினில் பட்டபோது, கண்ணாடியிலும் தாளிலும் ஒரே பெண். இடப் பக்கக் கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன். இடுப்புக்கு வந்ததும் கடைசிக் கொக்கி எட்டவில்லை.

"பெரியம்மா, மூச்சு விடேலாமக் கிடக்கு."

"கொஞ்சம் மூச்சைப் பிடி, பிள்ளை" என்றேன்.

பிடித்தாள். பிறகு விடவில்லை.

அவளைத் தாங்கிப் பிடித்தபோது பாரமே இல்லை. கவுன்தான் பாரம். துணி தரையில் பட்டுவிடுமே என்று தூக்கிக் கட்டிலில் வளர்த்திவிட்டுத்தான் சத்தம் போட்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்தவரும் நீங்கள்தான். பிளேன்டீ கொடுத்தேன், குடிக்காமல் ஆறவைத்துவிட்டீர்கள். நேர்த்தி என்றேன், சுவாமியும் ஓம் என்றார், ஊரும் ஓம் என்றது. பலவீனத்தால் இருதயம் நின்றது என்று முடிவெழுதினார்கள். ஆஸ்பத்திரியில் கவுனைக் கழற்றி ஒரு சொப்பிங் பேக்கில் திணித்துத் தந்தார்கள். கசங்கிப்போயிருந்தது. ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ண இரண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கலியாணம் ஆகாத பிள்ளையைக் கலியாண உடுப்போடு அடக்குவது எங்கள் வழக்கம்.

தங்கச்சி செய்தி கேட்டுப் பறந்து வந்தாள். வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை, பாருங்கள். டிலுக்ஷி என்ன கேட்டாளோ அது நடந்தது, அம்மா வந்துவிட்டாள். தாய் வரும்வரை வைத்திருக்க உடம்புக்கு மருந்து ஏற்றினார்கள். சவத்துக்கு உடுப்புப் போடுகிற பாக்கியம்மா கத்தரிக்கோலோடு வந்து, "முதுகுப் பக்கம் வெட்டாமப் போடேலாது, மெற்றில்டா. எல்லாருக்கும் அப்பிடித்தானே" என்றாள். அவளைத் தொடவிடவில்லை. நானே போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. பாக்கியம்மா கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டாள். மருந்தால் உடம்பு சற்று ஊதியிருந்ததால் அந்தக் கடைசிக் கொக்கி மட்டும் அன்றைக்கும் எட்டவில்லை. அவளுடைய இடது கையையும் பூச்செண்டையும் அதன்மேல் வைத்து மறைத்துவிட்டேன். தங்கச்சி என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டு, "எவ்வளவு வடிவா உடுத்திவிட்டிருக்கிறாய், அக்கா" என்று கதறினாள். அதைக் கேட்டு நானும் அழுதேன்.

இப்போது சேமக்காலையில் அவளுடைய குழிக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். கவுன் தைத்து மிஞ்சிய சாட்டினில் ஒரு துண்டு தரும்படி சிலர் வந்து கேட்டார்கள், மாதாவின் சால்வைத் துண்டு கேட்பது போல. கொடுத்தேன்.

படம் எங்கே என்பதுதானே உங்கள் கேள்வி. என் தொழிலில் ஒரு முறை உண்டு, சேர். ஒரு மணப்பெண்ணுக்கு வெட்டிய மாதிரித்தாளை இன்னொருத்திக்கு எடுக்க மாட்டேன். கலியாணத்தன்று அதை மடித்து அவளுடைய பெட்டியில் வைத்துவிடுவேன். அது அவளோடு போக வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் இரண்டு பேர் ஒரே கவுனில் நிற்பார்கள். அந்தப் படமும் டிலுக்ஷியின் மாதிரித்தாள்தான். அதனால் அடக்கத்துக்கு முன் உள்பாவாடையின் இரண்டு மடிப்புக்கு நடுவே வைத்து நாலு பக்கமும் தைத்துவிட்டேன். மடத்துக்கு அது ஒரு சுவர்ப்படம். டிலுக்ஷிக்கு அது அவளுடைய உடுப்பு. யாருக்குச் சொந்தம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் அடுத்தவர் பொருளைக் கேளாமல் எடுத்தது பிழைதான். அந்தப் பிழையை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இதைத் தவிர என் வாழ்நாளில் நான் ஒருவருக்கும் ஒரு கெடுதியும் செய்ததில்லை.

நீதவானிடம் உத்தரவு எடுத்துக் குழியைத் திறக்க வேண்டிவரும் என்று சற்று முன் சொன்னீர்கள். திறவுங்கள், எனக்கு மறுப்பில்லை. கவுனை வெட்ட வேண்டாம். படம் இடப் பக்கத்தில் இருக்கிறது. பிளேட் நுனியால் தையலை மட்டும் பிரித்தால் தாள் அப்படியே வரும். ஒரு சின்ன உதவி மட்டும். பூச்செண்டு இந்நேரம் உக்கிப்போயிருக்கும். கையை மெல்ல நகர்த்திவிட்டு, அந்தக் கடைசிக் கொக்கியையும் போட்டுவிடுங்கள். இப்போது எட்டும்.